பாளையங்கோட்டையிலிருந்து மயிலாடி வரை

பாளையங்கோட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கேமராவைத் தூக்குவது ஊசிக்கோபுரத்தைப் பார்த்துத்தான். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தின் கோபுரம் அது. முருகன்குறிச்சிப் பக்கம் எங்கே நின்றாலும் கண்ணில் படும். நான் தேடிப்போனது அதைவிட 41 ஆண்டு மூத்த ஒரு சின்ன ஆலயத்தை. ஆட்டோக்காரரிடம் கிளாரிந்தா ஆலயம் என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "பாப்பாத்தியம்மா கோயிலா?" என்று கேட்டு வண்டியைத் திருப்பினார்.

ஊர் அந்தப் பெயரில்தான் கிளாரிந்தாவை நினைவில் வைத்திருக்கிறது. தஞ்சாவூர் மராத்திய பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே விதவையானவர். சிதையில் ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்று சபையார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த அதிகாரியோடு அவர் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். கிறிஸ்துவைப் பற்றி முதலில் கேட்டதும் அவர் வாயிலாகத்தான். பிறந்த சமூகத்துக்கு அவர் செத்தவர். ஆங்கிலேயருக்கு அவர் மணமாகாமல் ஒரு அதிகாரியின் வீட்டில் இருந்த கறுப்புப் பெண். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரும் முதலில் மறுத்தார். அவருடைய வாழ்க்கை சபையின் ஒழுங்குக்குள் அடங்கவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர்களிடம் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

லிட்டில்டன் இறந்தபின், 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ் கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1780-ல், இந்த ஊர்ச் சபையின் முதல் பதிவேடு எழுதப்பட்டது. அதில் 40 பெயர்கள். கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் இந்தப் பதிவேட்டைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். நாற்பதில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. ஊழியர் ஒருவரை அனுப்புங்கள் என்று தஞ்சாவூர் வரை போய்க் கேட்டவரும் அவரே. அப்படித்தான் சத்தியநாதன் இங்கே வந்தார். கிளாரிந்தா தன் கைப்பொருளைப் போட்டு, கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் பெற்றுக் கட்டிய ஆலயத்தை 1785-ல் ஷ்வார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். மறுத்த கையே வந்து ஆசீர்வதித்தது. ஷ்வார்ட்ஸை நான் குறை சொல்லவில்லை. தஞ்சை மன்னர் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தும் கையில் காசு சேர்க்காத மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கே ஒருமுறை பார்த்தது போதவில்லை, இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தது. அவர் பார்த்தார். என் கண்ணில் அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

உள்ளே கோயில்குட்டியார் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "செருப்பை அங்கன விட்டுட்டு வாங்கய்யா" என்றார். ஆலயத்தைப் பற்றிக் கேட்டேன். "இந்த ஆச்சி இல்லன்னா நம்ம திருமண்டலமே கெடையாதுய்யா. எத்தனையோ பெரிய ஐயர்மார் பேரு சொல்லுவாவ. மொதல்ல இந்த ஆச்சிதான்." சொல்லிவிட்டு மறுபடியும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார். மாதவையா கிளாரிந்தாவின் கதையை 1915-ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதியிருக்கிறார். அந்த நாவலைப் படித்தவர்களைவிட, பெஞ்சு துடைக்கும் இந்தப் பெரியவருக்கு அந்த ஆச்சி நெருக்கமானவர் என்று தோன்றியது.

வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டியைப் பிடித்தேன். நாங்குநேரி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்மண்ணும் பனையும் உடைமரமும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். இந்தப் பயணத்துக்கு என்னைக் கிளப்பியதே அந்த அதிகாரம்தான்.

சீரியாவின் படைத்தலைவன் நாகமான். ராஜாவின் முன் மதிப்பானவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. அவன் வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். இஸ்ரவேல் தேசத்தைக் கொள்ளையிட்டபோது பிடித்து வந்த பெண். நாகமானின் மனைவிக்குப் பணிவிடை செய்கிறாள். பெயர் சொல்லப்படவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் எஜமானுக்குச் சுகமாகும் என்று அவள்தான் சொல்கிறாள். தன்னைத் தாயிடமிருந்து பிரித்தவனுக்கு நல்லது வர வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை! அவளுடைய ஒரு வாக்கை நம்பி, சீரியாவின் ராஜா கடிதம் எழுதுகிறான். வெள்ளியும் பொன்னும் மாற்று வஸ்திரங்களும் புறப்படுகின்றன. இஸ்ரவேலின் ராஜா கடிதத்தைப் படித்துப் பயந்து உடையைக் கிழித்துக்கொள்கிறான். எலிசாவின் வீட்டு வாசலில் நாகமான் ரதத்தோடு வந்து நிற்கிறான். எலிசா வெளியே வரவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு முறை குளிக்கச் சொல்கிறார். நாகமானுக்குக் கோபம். எங்கள் ஊரில் இல்லாத ஆறா என்று திரும்பிவிடுகிறான். அவனைத் தணித்து ஆற்றுக்கு அழைத்துப் போகிறவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

இந்த அதிகாரத்தில் ராஜாக்கள் இருவராலும் ஒரு நன்மையும் நடக்கவில்லை. நாகமானுக்கு வந்த ஒவ்வொரு உதவியும் அவன் சம்பளத்திலோ அடிமைத்தனத்திலோ இருந்தவர்களின் வாய் வழியாக வந்தது. தாழ்மை என்று சொன்னவுடன் நமக்கு நினைவுக்கு வருவது, கீழே இருப்பவர்களுக்கு இறங்கிக் கொடுப்பது. கிறிஸ்துமஸ் வந்தால் வேட்டியும் சேலையும் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். கொடுப்பது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் நாகமானிடம் கொடுப்பதற்கு வண்டி நிறைய இருந்தது. அடிமைச் சிறுமியிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் அவனுக்குக் கடினமாக இருந்திருக்கும். அதற்குத்தான் அவன் ரதத்தைவிட்டு இறங்கித் தண்ணீரில் முழுக வேண்டியிருந்தது. இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் இந்த நாகமானை எடுத்துப் பேசியபோது, சொந்த ஊர்க்காரர்களே எழுந்து அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆசீர்வாதம் நமக்குப் பிடிக்காத வழியாக வரலாம் என்று யார் சொன்னாலும் அந்தக் கோபம் இன்றைக்கும் கிளம்பும்.

காவல்கிணறு விலக்கில் இறங்கி வடக்கன்குளம் போனேன். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். திருக்குடும்ப ஆலயத்துக்குள் நுழைவது அதுவே முதல் தடவை. 1872-ல் எழுந்த பெரிய கோயில். அதன் அமைப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பீடத்திலிருந்து இரண்டு மண்டபங்கள் இரண்டு கால்களைப் போல விலகிப் பிரிகின்றன. பூசை வைக்கும் குருவால் இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியும். ஒரு பக்கத்தில் முழங்காலிட்டவருக்கு மறுபக்கத்தில் முழங்காலிட்டவரைப் பார்க்க முடியாது. நடுவில் சுவரும் இருந்தது. ஒரே அப்பத்தில் பங்குபெற வந்தவர்கள், பக்கத்தில் இருப்பவரின் சாதி கண்ணில் படக்கூடாது என்று கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. சுவரை 1910-ல் இடித்தார்கள். அதை எதிர்த்து நீதிமன்றம் வரை வழக்கு போனது. சுவர் போய்விட்டது. கட்டடத்தின் வடிவம் மட்டும் அப்படியே இருந்து எல்லாவற்றையும் சொல்கிறது. தாழ்மையைப் பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டே கல்லும் சுண்ணாம்பும் வைத்து அதற்கு எதிராகக் கட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய குற்றமும் இல்லை. எங்கள் சபைகளில் சுவர் எழுப்பாமலே அதைச் செய்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்திலும், கமிட்டித் தேர்தலிலும், பெண் பார்க்கும்போதும்.

இதே வடக்கன்குளத்தில்தான், இந்தக் கட்டடம் எழுவதற்கு வெகுகாலம் முன்பு, 1745 மே 14 அன்று நீலகண்டன் என்ற அரண்மனை அதிகாரி ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். நட்டாலத்து நாயர் குடும்பத்தில் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கைதி. பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி உயர்ந்தார் என்றாலும், இந்த மண்ணில் அவர் வாழ்வு தொடங்கியது கைதியாகத்தான். யோபுவின் கதையைச் சொல்லித்தான் தேவசகாயத்தைத் தேற்றினார் என்கிறார்கள். சீரியாவில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கிறது. தோற்றுப் பிடிபட்ட ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் வென்ற அரசின் அதிகாரியைத் தூக்கி நிறுத்தியது.

தேவசகாயம் சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். அதுவும் அவர்மேல் கோபம் மூள ஒரு காரணம். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தைத் திருச்சபை எடுத்துவிட்டது. நல்ல முடிவு. அவர் உயிரோடு இருக்கும்போதே தூக்கிப் போட்டதை நாம் ஏன் அவர்மேல் மறுபடி மாட்ட வேண்டும்? எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று. அவருடைய மனைவி ஞானப்பூ அம்மையார் தன் வீட்டையும் உறவையும் விட்டு அதே விசுவாசத்துக்குள் வந்தவர். அவர் கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. மலைக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இங்கே வந்தால் நன்றாக இருக்கும். கணவன் சங்கிலியில் இருந்தபோது வெளியே இருந்து தாங்கியவளின் வேதனைக்கு யார் பட்டம் கொடுப்பது?

காற்றாடிமலையில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. பிற்பகல் காற்று ஆளைத் தள்ளியது. முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. தட்டினால் மணியோசை தரும் பாறையில் பள்ளிப் பிள்ளைகள் கல்லால் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மயிலாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. உளிச் சத்தம் ஊருக்குள் நுழையும்போதே கேட்கிறது. கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். பிள்ளையாரும் நந்தியும் சிலுவையும் கல்லறைப் பலகையும் ஒரே பட்டறையில் ஒரே கையால் உருவாகின்றன. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபை தொடங்கியது இந்த ஊரில். தொடங்கியவர் ஐரோப்பியர் யாரும் இல்லை, மகாராசன்.

மகாராசன் சாம்பவர் குலத்தவர். அன்றைய திருவிதாங்கூரில் அந்த மக்கள் பொதுச்சாலையில் நடக்க முடியாது. உயர்ந்த சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி என்று கணக்கு வைத்து விலக வேண்டும். பலர் அடிமைகளாக நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். பக்தி மிகுந்த மனிதர் மகாராசன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கடவுளைத் தேடிச் சிதம்பரம் வரை நடந்தே போனார். நந்தனார் கதை நடந்த அதே சிதம்பரம். அன்றைய வழக்கப்படி இவராலும் உள்ளே போயிருக்க முடியாது. மனம் ஆறாமல் தஞ்சாவூர் வழியாகத் திரும்பியவர், அங்கே கிறிஸ்தவரான உறவினர்களோடு தங்கி, மிஷனரி கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்று பெயர் பெற்று ஊர் திரும்பினார். மயிலாடியில் தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அடியும் தொல்லையும் வந்தன. எங்களுக்கு ஒரு போதகரைத் தாருங்கள் என்று மறுபடியும் சோழநாட்டுப் பக்கம் நடந்தார்.

அந்த அழைப்புக்கு வந்தவர் ரிங்கல்தௌபே. ஜெர்மானியர், லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். நான் அன்று கடந்து வந்த அதே கணவாய். சரித்திரப் புத்தகங்களில் அவர் பெயர் முதலில் வருகிறது. வந்தது என்னவோ வேதமாணிக்கம் அழைத்ததால்தான். ஆலயம் கட்ட இடம் கேட்டபோது திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் துணையோடு 1809-ல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

ரிங்கல்தௌபேயைப் பற்றி எழுதியவர்கள் அவரை ஒரு விசித்திர மனிதராகவே காட்டுகிறார்கள். சின்னக் குடிசையில் வாழ்ந்தார். சம்பளம் வந்தால் வந்த சுருக்கில் கொடுத்துவிடுவார். நாட்டுத் துணி உடை, வைக்கோல் தொப்பி. போட்டுக்கொள்ள ஒரு நல்ல கோட்டு இல்லாமல்தான் நாட்டைவிட்டே போனார். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது இந்த எளிமைகூட இல்லை. 1816-ல் உடல் நலிந்து புறப்படும்போது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்தார். தெருவில் நடக்க உரிமை இல்லாத மனிதரின் கையில்! அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேரும் வரை, இரண்டு ஆண்டு அளவுக்கு மந்தையைக் காத்தவர் அவர். கப்பலேறிப் போன ரிங்கல்தௌபே எங்கே இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குக் கல்லறை இல்லை. மயிலாடிதான் அவருக்கு இருக்கிறது.

ஆலயத்துக்கு வெளியே ஒரு பாட்டி வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். "எங்க இருந்து மக்களே வாறிய?" என்றார். சொன்னேன். தூரம் அதிகம் என்று வருத்தப்பட்டு, வீட்டிலிருந்து கட்டன் சாயா வரவழைத்துக் கொடுத்தார். பெரிய ஐயர்மார் கதையெல்லாம் எனக்குத் தெரியாது என்றார். தன் அம்மா வேதாகமப் பெண்ணாக இருந்ததைச் சொன்னார். குடையும் பையுமாகக் காலையில் போனால் வீடு வீடாகப் படித்துக் காட்டி, சோறு கிடைத்த வீட்டில் சாப்பிட்டு, இருட்டியபின் வருவாராம். புறப்படும்போது, "நில்லு மக்கா, ஒரு வார்த்த ஜெபம் பண்ணட்டு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரயாணத்துக்காக, என் பிள்ளைகளுக்காக, நான் சொல்லாமலே என் தாய்க்காக. அந்த ஜெபத்தை வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

நாகர்கோவிலில் மறுநாள் காலை ரேந்தை பின்னும் ஒரு பெண்மணியைப் பார்த்தேன். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றி எறிகிற வேகத்தில் விரல் தெரியவில்லை. மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் இங்கே தொடங்கிய தொழில் இது. அவரிடம் படிக்க வந்த பெண் பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-ல். அரசாணைக்கு முன்பே அந்தச் சிறுமிகள் நூலால் அதைச் செய்துகொண்டார்கள். அவர்கள் பின்னியது இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டையில் ஏறியது. பின்னியவர்களின் பெயர்களில் ஒன்றிரண்டுகூட நமக்குச் சரியாகக் கிடைக்கவில்லை.

மீட் ஐயரைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். பள்ளிகளும் அச்சகமும் தொடங்கி, இந்த மாவட்டத்தின் கல்விக்கு அடிப்படை போட்டவர் அவர். அவர் 1850-களின் தொடக்கத்தில் லோயிஸ் என்ற சாம்பவர் குலத் தமிழ்ப் பெண்ணை மணந்தார். மிஷனுக்குள் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மிஷனைவிட்டு அவர் விலக நேர்ந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை, அவர்களில் ஒருத்தி மிஷனரி வீட்டின் எஜமானியாக வந்ததும் தாங்கவில்லை. வடக்கன்குளத்துச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இதுவும் ஒரு சுவராகத்தான் தெரிந்தது. மீட் அந்தத் திருமணத்துக்காகக் கொடுத்த விலை, அவர் கட்டிய எல்லாப் பள்ளிக்கூடங்களையும்விடப் பெரிய பிரசங்கம்.

கிளாரிந்தாவும் வேதமாணிக்கமும் எப்படியோ எழுத்தில் ஏறிவிட்டார்கள். ஞானப்பூ அம்மையாருக்குக் கல்லறையாவது மிஞ்சியது. நம் சபைகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. மணி அடித்தவர், ஓலைக்கூரை மாற்றியவர், கைப்பிடி அரிசி சேர்த்துக் காணிக்கை கொடுத்தவர், சம்பளம் பாக்கி இருந்தும் ஞாயிறு தவறாமல் வந்த உபதேசியார், மயிலாடிப் பாட்டியின் அம்மா மாதிரி வேதாகமப் பெண்கள். இவர்களை அறிந்த கடைசித் தலைமுறை இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பல ஊர்களில் கரையான் பிடித்துக் கிடக்கின்றன.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வயதானவர்களிடம் போய், கோயில்குட்டியார், உபதேசியார், வேதாகமப் பெண் என்று யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்துப் பெயர்களை எழுதி வையுங்கள். பதிவேட்டைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த அசனத்துக்கு முன்பு அந்தப் பெயர்களைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், முதல் பந்தியில் உட்காரவைத்து, உங்களுக்காக ஒரு ஜெபம் செய்யும்படி கேளுங்கள்.